நிறுவை மாஸ்டரும் நான் போகாத கோர்ஸும்

கல்லூரி ஆசிரியர்களுக்கென்று இந்த நாட்டில் நடந்த பயிற்சி வகுப்புகள் அத்தனையையும், தொடக்க உரையிலிருந்து நன்றியுரை வரைக்கும் கரைத்துக் குடித்தவர் ஒரே ஒருவர்தான். அவர் அவற்றில் ஒன்றுக்குக்கூடப் போனதில்லை. எங்கள் நிறுவை மாஸ்டரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் முதல் இரண்டு வாக்கியத்திலேயே இப்படிச் சிக்கல் வந்துவிடும். அதற்கு நான் பொறுப்பில்லை. ஆள் அப்படி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் நான் அட்டனில் ஒரு கல்லூரியில் பூமிசாஸ்திரம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கல்லூரி என்றதும் மணிக்கூண்டையும் புல்வெளியையும் மனதில் கொண்டுவர வேண்டாம், எங்கள் பக்கம் பெரிய பள்ளிக்கூடத்துக்கு அப்படித்தான் பெயர். தகரக் கூரை. மழை பிடித்தால் உள்ளே பேசுவது யாருக்கும் கேட்காது. அட்டனில் மழை பிடிக்காத நாள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பதால், ஆண்டில் பெரும்பாலும் நாங்கள் கையைக் காலை ஆட்டித்தான் பாடம் நடத்தினோம். கணித மாஸ்டருக்கு மட்டும் மழையை மீறிக் கேட்கிற தொண்டை இருந்தது. அவர்தான் நிறுவை மாஸ்டர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் இருந்திருக்கும். வேறெங்கும் அதை யாரும் பாவித்ததாக எனக்கு நினைவில்லை.

என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் மூப்பு. றொசல்லைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் தொழிலாளருக்கென்று வரிசையாகக் கட்டின லயத்துக் காம்பிராவில் குடியிருந்தார். தினமும் ரயிலில் மூன்றாம் வகுப்பில் ஏறி அட்டனுக்கு வருவார். சீமைக்குத் திரும்பிப்போன ஏதோ ஒரு துரையின் பழைய கோட்டு உடம்பில் தொங்கும். அந்தத் துரை ஒருவராக இருந்திருக்க முடியாது, இரண்டு பேராக இருந்திருக்க வேண்டும் என்பது எங்கள் ஆசிரியர் அறையின் முடிவு. மழையென்றால் கோட்டுக்கு மேலே, கொழுந்தெடுக்கிற பெண்கள் போர்த்துவதுபோல ஒரு கம்பளி. உள்பையில் குறிப்பெழுதத் தடித்த கொப்பி ஒன்று எப்போதும் இருக்கும்.

தேயிலை மலை தெரியாதவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கொழுந்தெடுத்த பெண்கள் கூடையோடு, நிறுக்கிற கொட்டகையான மடுவத்தில் வரிசையாக நிற்பார்கள். கணக்கப்பிள்ளை ஒவ்வொரு கூடையாகத் தராசுக் கொக்கியில் மாட்டி எத்தனை றாத்தல் என்று பார்ப்பார். முற்றின இலை இருந்தால் பொறுக்கி வீசுவார். கூடைக்கென்று கொஞ்சம் கழிப்பார். இலை நனைந்திருந்தால் தண்ணிக்கென்று இன்னும் கொஞ்சம் கழிப்பார். வெயில் கொளுத்துகிற நாளிலும் தண்ணிக் கழிவு குறையாது என்பது வேறு கதை. மாஸ்டரின் அம்மா அந்த வரிசையில் முப்பது வருஷம் நின்றவர். மகன் அந்த நிறுவையைக் கொண்டுவந்து ஆசிரியர்களுக்கு வைத்துவிட்டார்.

எங்களில் யாராவது கொழும்புக்கோ கண்டிக்கோ கோர்ஸுக்குப் போனால், திரும்பி வருகிற ரயிலில் மாஸ்டர் றொசல்லையில் ஏறிக்கொள்வார். எந்த ரயிலில் வருகிறோம் என்பதை எப்படியோ அறிந்துவைத்திருப்பார். எதிரே உட்கார்ந்து, கொப்பியை மடியில் விரித்து, வலக்கையின் சுட்டுவிரலைத் தராசுக் கொக்கிபோல வளைத்து முகத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். "சொல்லுங்க மாஸ்டர்" என்பார். கோர்ஸில் கேட்டதையெல்லாம் நாம் அந்த விரலில் மாட்ட வேண்டும். விஷயம் கனமாக இருந்தால் விரல் மெல்லக் கீழே இறங்கும். வெறும் பேச்சென்றால் ஆடாமல் நிற்கும். அந்த விரலைப் பார்த்துக்கொண்டு பேசுவதைவிட கல்வி இலாகாத் தலைவர் வித்தியாதிபதிக்கு முன்னால் பேசிவிடலாம்.

எங்கள் தாவரவியல் மாஸ்டர் இரண்டு வாரக் கோர்ஸுக்குப் போய்ப் பெட்டி நிறையக் குறிப்போடு வந்தார். அட்டன் வந்து, தேநீர்க் கடையில் இரண்டு பிளேன் டீயும் முடிந்த பிறகு நிறுவை மாஸ்டர் கூட்டிப் பார்த்தார். "பதினோரு றாத்தல். கூடைக்கு ரெண்டு, தண்ணிக்கு ஆறு. மூணு நிக்குது" என்று சொல்லிக் கொப்பியை மூடினார். தாவரவியல் மாஸ்டர் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. அடுத்த கோர்ஸில் மனிதர் முன்வரிசையில் உட்கார்ந்து, விரிவுரையாளர் தும்மியதைக்கூட எழுதிக்கொண்டு வந்ததாகக் கேள்வி. பிரின்சிபல் நிர்வாகப் பயிற்சிக்குப் போய் வந்தபோது அவரையும் மாஸ்டர் விடவில்லை. அவருக்கு விழுந்தது எவ்வளவு என்று நான் எழுதப்போவதில்லை. அவருடைய பேரப்பிள்ளைகள் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறார்கள்.

இவ்வளவு ஆசையுள்ளவர் தானே போகலாமே என்று கேட்பீர்கள். போக முடியாது. கோர்ஸுக்கு விண்ணப்பிக்கிற படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. பிரஜாவுரிமைச் சான்றிதழ் இலக்கம் என்று அதற்குப் பெயர். என் அப்பாவுக்கு நுவரெலியா பஜாரில் துணிக்கடை. அவரிடம் காணி உறுதி, பத்திரம், ரசீது எல்லாம் இருந்தன. கொண்டுபோய்க் காட்டினார், எங்களுக்கு இலக்கம் கிடைத்தது. மாஸ்டரின் ஆட்கள் மூன்று தலைமுறையாக இந்த மலையில் பிறந்து இந்த மலையிலேயே புதைந்திருந்தார்கள். அதற்கு யாரும் ரசீது கொடுத்திருக்கவில்லை. அவருடைய விண்ணப்பம் வருஷக்கணக்கில் விசாரணையில் இருந்தது. கல்லூரி நிர்வாகம் அவரைத் தன் பொறுப்பில், பயிற்றப்படாத ஆசிரியர் என்ற பட்டத்தோடு வைத்திருந்தது. எனக்குப் பயிற்றப்பட்ட ஆசிரியர் என்று பெயர். இதை நினைக்கும்போது இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. ஆனால் அந்த வயதில் எரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. எரிவதற்கு வேறு விஷயங்கள் இருந்தன.

ஒவ்வொரு கோர்ஸுக்கும் அவர் படிவம் நிரப்புவார். அந்தக் கட்டத்தில் 'விசாரணையில்' என்று அழகாக எழுதுவார். படிவம் போன வேகத்தில் திரும்பி வரும். அப்படித் திரும்பி வந்த ஒன்றை மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு ஒருநாள் சொன்னார்.

"ஒரே ஒரு தடவ கடைசி பெஞ்சுல உக்காந்து நானும் கேக்கணுங்க மாஸ்டர். நீங்கல்லாம் கூடையில கொண்டாந்து கொட்டுறீங்க. மடுவத்துல நின்னு நிறுத்துக்கிட்டே இருக்கேன். மலைய நான் பாத்ததே இல்லீங்க."

இப்படி ஒருவர் சொன்ன பிறகு, மனிதனாகப் பிறந்தவன் அடுத்த கோர்ஸுக்குப் போனால் ஒழுங்காகக் கவனிக்க வேண்டுமா இல்லையா? அடுத்த கோர்ஸுக்குப் போனவன் நான்.

ஆகஸ்ட் விடுமுறையில், கண்டியில், ஐந்து நாள். நவீன கற்பித்தல் முறைகள் என்று தலைப்பு. நான் புறப்படுவதற்கு முதல்நாள் அப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. கண்டிக்குத்தானே போகிறாய், அப்படியே மாத்தளைக்கும் ஓர் எட்டுப் போய், நமக்கு வேண்டிய கடைக்காரர் வீட்டில் பெண்ணைப் பார்த்துவிட்டு வா என்று எழுதியிருந்தார். முதல் நாள் கோர்ஸில் உட்கார்ந்தேன். இரண்டாம் நாள் மாத்தளைக்கு ஓர் எட்டுப் போனேன். அந்த வீட்டில் ஆட்டுக்கறி சமைத்தார்கள். மூன்றாம் நாளும் சமைத்தார்கள். பெண் ஜன்னல் பக்கமாக நின்று புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள், என்ன புத்தகம் என்று தெரிந்துகொள்ளாமல் எப்படி வருவது? கண்டியில் அறையில் கூட இருந்த நண்பர் எனக்கும் சேர்த்து வரவுக் கையெழுத்தைப் போட்டுக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாள் நன்றியுரைக்கு நான் வந்து சேர்ந்தேன். நன்றாகக் கைதட்டினேன்.

திரும்புகிற ரயிலில் நாவலப்பிட்டி தாண்டும்வரை கல்யாணக் கனவில் இருந்தேன். வட்டவளையில் குளிர் காற்று முகத்தில் அடித்தபோதுதான் றொசல்லை ஞாபகம் வந்தது. அடுத்த பெட்டிக்கு மாறிவிடலாமா என்று எழுந்தேன். அதற்குள் ரயில் நின்று, கம்பளியிலிருந்து தண்ணீர் சொட்ட நிறுவை மாஸ்டர் உள்ளே ஏறினார். கொப்பி விரிந்தது. விரல் உயர்ந்தது.

"சொல்லுங்க மாஸ்டர்."

முதல் நாளைச் சொன்னேன். முதல் நாள் முழுக்க வரவேற்புரைதான். விரல் ஆடவில்லை. இரண்டாம் நாளைக் கேட்டார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். வளைவில் ஒரு மடுவத்து வாசலில் பெண்கள் கூடையோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு பேசியது என் நாக்குத்தான், நான் இல்லை. பாடம் முடிந்ததும் பிள்ளைகளை வரிசையாக மேசைக்கு வரச் சொல்ல வேண்டுமாம். ஒவ்வொரு பிள்ளையும் தனக்கு விளங்கியது ஒன்றைச் சொல்ல வேண்டுமாம். எல்லாம் சேர்ந்து கனக்கிறதுதான் அன்றைக்கு ஆசிரியர் படிப்பித்த பாடமாம், மிச்சமெல்லாம் கழிவாம். இதுதான் மேல்நாட்டில் இப்போது பெரிய முறை என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். விரல் இறங்க ஆரம்பித்தது. நெஞ்சுக்கு வந்தது, வயிற்றுக்கு வந்தது.

யார் சொன்னார்கள் என்று கேட்டார். ஜன்னலுக்குக் கீழே அந்த ரயில் பெட்டியைச் செய்த பட்டறையின் பெயர் பொறித்த பித்தளைத் தகடு ஒன்று ஆணியடித்து இருந்தது. "பேராசிரியர் பிக்கர்ட்டன்" என்றேன். எந்த ஊர் என்று கேட்டார். ஸ்கொட்லாந்து என்றேன். அவர் என்னைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். பிறகு பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு, பெயரை இங்கிலீஷில் எழுத்துக்கூட்டிச் சொல்லும்படி கேட்டார். நானும் தகட்டைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன்.

"பதினெட்டு றாத்தல்" என்று அட்டனில் இறங்கும்போது சொன்னார். எங்கள் கல்லூரியில் அதுவரை யாருக்கும் அப்படி விழுந்ததில்லை. "கூடைக்கு ரெண்டு. தண்ணிக்கு..." என்று கொஞ்சம் யோசித்தார். "தண்ணிக்கு அப்புறமாப் பாத்துக்கலாங்க."

விடுமுறை முடிந்து கல்லூரி திறந்ததும் அவர் அந்த முறையை நடைமுறைப்படுத்தினார். வகுப்பில் நாற்பது பிள்ளைகள். நாற்பது பேரும் மேசைக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். மாஸ்டர் விரலை வளைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதல் பையன் முக்கோணத்துக்கு மூன்று பக்கம் என்றான். இரண்டாமவனும் அதையே சொன்னான். "அது அவன் கொழுந்து. ஒன் கூடையில என்னா இருக்கு?" என்று மாஸ்டர் அவனைத் திருப்பி அனுப்பினார். இப்படியே போய் மணியடித்து, அடுத்த பாடமும் போய்விட்டது. அந்த அடுத்த பாடம் என்னுடைய பூமிசாஸ்திரம். நான் சொன்ன பொய் முதலில் தின்றது என் பாடவேளையைத்தான். நான் வாசலில் உலக உருண்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்படி நின்றபோது ஒன்றைப் பார்த்தேன். வரிசையின் கடைசியில் தோட்டத்திலிருந்து வருகிற ஒரு பெண்பிள்ளை நின்றிருந்தாள். முறை வந்ததும் தலையைக் குனிந்துகொண்டு, "ஒண்ணும் இல்லீங்க சேர்" என்றாள். நானாக இருந்தால் பிரம்பைத் தேடியிருப்பேன். மாஸ்டர் விரலை மடக்கிவிட்டு எழுந்தார். கொழுந்தில்லாத மலைக்கு ஆளை அனுப்பினால் அது கணக்கப்பிள்ளையின் தப்பு, கூடைக்காரியின் தப்பில்லை என்று சொல்லிவிட்டு, கரும்பலகையை அழித்து, அவளை முன்பெஞ்சில் உட்காரவைத்து, பாடத்தை முதலிலிருந்து தொடங்கினார். இந்தப் பகுதி நான் ரயிலில் சொன்ன பொய்யில் இல்லை.

பொய் சொன்னவன் அதோடு தப்பித்தேனா என்றால் இல்லை. ஒரு வாரத்தில் மாஸ்டர் பேராசிரியருக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். பேராசிரியர் ஊர் ஊராகப் போகிறவர், கோர்ஸுக்கு வந்தவர்கள் வழியாகத்தான் கடிதம் வாங்குவார் என்று நானே முன்பு அளந்துவிட்டிருந்தேன். கடிதத்தில் ஒரே ஒரு சந்தேகம் இருந்தது. தம்பிப் பாப்பாவை, தோட்டத்துக் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைமடுவத்தில் விட்டுவிட்டுப் பாதிப் பாடத்துக்கு வருகிற பிள்ளையை எப்படி நிறுப்பது?

பஜாரில் நீல நிறத்தில் மெல்லிய கடிதத்தாள் வாங்கி, இடக்கையால் இங்கிலீஷில் பதில் எழுதினேன். மனம் தளராதீர்கள், கல்வி ஒரு நீண்ட பயணம் என்பதுபோல ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தேன். மாஸ்டர் அதை நின்றபடியே படித்தார். திருப்பி என்னிடம் நீட்டினார்.

"பேராசிரியர் நல்ல மனுசன்தாங்க. ஆனா எல நனைஞ்சிருக்கு."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நான் பேராசிரியர் இல்லைதான். இருந்தாலும் ஸ்கொட்லாந்துக்காரனை இப்படிச் சொல்லலாமா? பிரின்சிபலிடம் சாவி வாங்கி, கல்லூரி நூலக அலுமாரியைத் திறந்தேன். அது கடைசியாக எப்போது திறக்கப்பட்டது என்பது உள்ளே இருந்த பூச்சிகளுக்குத்தான் தெரியும். கற்பித்தல் முறை பற்றி அங்கே ஐந்தாறு தடிப் புத்தகங்கள் இருந்தன. படித்தேன். போதவில்லை. தாவரவியல் மாஸ்டரின் வகுப்பில் பின்னால் போய் உட்கார்ந்து அவர் எப்படிச் செய்கிறார் என்று பார்த்தேன். பிந்தி வருகிற பிள்ளைகளிடம் வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்டேன். இரண்டாவது பதில் நாலு பக்கம். மாஸ்டர் அதில் பாதியை ஏற்றுக்கொண்டார். மறுநாளே மூன்று புதிய சந்தேகங்களோடு அடுத்த கடிதத்தைக் கொண்டுவந்தார்.

இது இரண்டு வருஷம் நடந்தது. இதற்கிடையில் எனக்கு மாத்தளையில் கல்யாணம் நடந்தது. பேராசிரியரின் வாழ்த்துக் கடிதம் ஏன் வரவில்லை என்று மாஸ்டர் பந்தியில் உட்கார்ந்துகொண்டு விசாரித்தார். என் மனைவி புத்தகம் படிக்கிறவள் என்று சொன்னேன் அல்லவா? கடிதங்களைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு வாரம்தான் ஆனது. என்னைத் திட்டவில்லை. "ஒங்க பேராசிரியர் போன கடிதத்துலயும் இதையேதான சொன்னாரு" என்று மட்டும் சொன்னாள். எழுதிக்கொண்டிருந்ததைக் கிழித்துப்போட்டு மறுபடி எழுதினேன். பயிற்சிக் கலாசாலையில் இரண்டு வருஷம் உட்கார்ந்து நான் கற்றுக்கொள்ளாத தொழிலை, இல்லாத ஒரு வெள்ளைக்காரனின் பெயரில் பதில் எழுதி எழுதித்தான் கற்றுக்கொண்டேன்.

பிறகு ஒருநாள் இன்ஸ்பெக்டர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், மெலிந்த மனிதர், அதிகம் பேசமாட்டார். மாஸ்டரின் வகுப்பில் பின்னால் நின்று, பாடம் முடிந்து நாற்பது பிள்ளைகளும் வரிசையில் வந்து நிறுவை கொடுத்ததை முழுக்கப் பார்த்தார். பிரின்சிபலும் நானும் வாசலில் நின்றோம். எந்தக் கலாசாலையில் படித்தீர்கள் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். எங்கேயும் இல்லை என்றார் மாஸ்டர். அப்படியானால் இது எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு, மாஸ்டர் மிகுந்த மரியாதையோடு என் பக்கம் கையைக் காட்டினார். கண்டிக் கோர்ஸில் இந்த மாஸ்டர் கொண்டுவந்தது, பேராசிரியர் பிக்கர்ட்டன் சொல்லிக்கொடுத்தது என்றார்.

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். "அந்தக் கோர்சை நடத்தினது நான். அப்பிடி ஒரு பேராசிரியர் அங்கை வரேல்லையே."

தகரக் கூரையில் மழையாவது பெய்திருக்கலாம். அன்றைக்கென்று வெயில் அடித்தது. இன்ஸ்பெக்டர் பேராசிரியரை விட்டுவிட்டார். யார் சொல்லிக்கொடுத்தாலும் இது நல்ல முறை, அடுத்த விடுமுறைக் கோர்ஸில் இதைச் செய்து காட்ட வேண்டும், கொண்டுவந்தவர் என்ற முறையில் உங்களுக்கே அழைப்பு அனுப்பச் சொல்கிறேன் என்று என்னிடம் சொன்னார். அப்படிப் போய்ச் செய்து காட்டுகிறவனுக்கு அடுத்தது என்ன பதவி என்று எனக்கும் தெரியும், பிரின்சிபலுக்கும் தெரியும். நான் தலையை ஒருமுறை ஆட்டினால் போதும்.

மாஸ்டர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தார். அதில் அழிக்க ஒன்றும் மிச்சமில்லை. ஆனாலும் அழித்துக்கொண்டிருந்தார். துரையின் கோட்டு அவர் முதுகில் மடிந்து தொங்கியது. மலையை நான் பார்த்ததே இல்லை என்று அவர் சொன்னது எனக்கு அப்போதுதான் உண்மையாகவே காதில் விழுந்தது.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மூன்று நாள் கோர்ஸுக்கு வரவில்லை, மாத்தளையில் பெண் பார்க்கப் போயிருந்தேன், பேராசிரியரே கிடையாது, ரயிலில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன், அந்தப் பொய்யை வைத்து இதைச் செய்தவர் இவர், இதில் என்னுடையது ஒன்றுமில்லை என்றேன். பிரின்சிபலின் முகம் போன போக்கை நான் பார்க்கவில்லை. இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"பொம்பிளை பிடிச்சுதோ?"

கல்யாணமாகி ஒரு குழந்தையும் இருக்கிறது என்றேன்.

"அப்ப கோர்ஸ் வீணாப் போகேல்லை" என்றார்.

அழைப்பை மாஸ்டர் பெயருக்கு அனுப்புவதாகச் சொல்லிவிட்டு அவர் புறப்பட்டார். பிரின்சிபல் பின்னாலேயே ஓடினார். மாஸ்டருக்குப் பிரஜாவுரிமை இலக்கம் இல்லை, படிவம் திரும்பி வந்துவிடும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். இன்ஸ்பெக்டர் காரின் கதவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் எதிர் மலையைப் பார்த்தார். "படிவம் படிக்க வாறவைக்குத்தான். பேச வாறவைக்குப் படிவம் இல்லை" என்றார். அந்த மனிதர் எங்கேயிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

மாஸ்டர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேராசிரியர் செத்துப்போன துக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் விடுமுறையில் ஐந்து நாள் கோர்ஸுக்கு அவர் கண்டிக்குப் போனார். அவர் திரும்பி வருகிற நாளில் நான் வட்டவளைக்குப் போய்க் காத்திருந்து, அவர் வந்த ரயிலில் ஏறினேன். மூன்றாம் வகுப்பில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மடியில் ஐந்து கொப்பிகள் இருந்தன. எதிரே உட்கார்ந்து, சுட்டுவிரலை வளைத்து முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"சொல்லுங்க மாஸ்டர்."

அவர் பேச வேண்டியது முதல் நாளில் அரை மணி நேரம்தான். தனக்கு முன்னால் பேசின விரிவுரையாளரின் பேச்சையே எடுத்துக்கொண்டு, வந்திருந்த ஆசிரியர்களையெல்லாம் வரிசையில் நிற்கவைத்து நிறுத்துக் காட்டினாராம். அந்த விரிவுரையாளர் தேநீருக்கு நிற்காமல் போய்விட்டாராம். அதோடு மாஸ்டர் வேலை முடிந்தது. அவர் ஊருக்கு வரவில்லை. மேடையிலிருந்து இறங்கிப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். ஐந்து நாளும் எழும்பவில்லை. வரவுப் பட்டியல் சுற்றி வந்தபோது அதில் அவர் பெயர் இல்லை. எல்லாப் பெயருக்கும் கீழே அடிமட்டம் வைத்து ஒரு கோடு போட்டு, தன் பெயரைத் தானே எழுதிக் கையெழுத்து வைத்தார். இதை ஐந்து நாளும் செய்தார். கடைசி நாள் சான்றிதழ் கொடுத்தார்களா என்று கேட்டேன்.

"அதெல்லாம் இல்லீங்க. டீ குடுத்தாங்க. நம்ம பக்கத்துத் தூள் இல்ல."

பிறகு முதல் கொப்பியைத் திறந்து முதல் வரியிலிருந்து சொல்லத் தொடங்கினார். றொசல்லை வந்தது. இறங்க வேண்டியவர் இறங்கவில்லை, இரண்டாம் நாள் பாதியில் இருந்தது. ரயில் புறப்பட்டதும் கைலேஞ்சியை எடுத்து, ஜன்னலுக்குக் கீழே இருந்த பித்தளைத் தகட்டைப் பளிச்சென்று துடைத்தார்.

"நம்ம பேராசிரியருக்கு ஒரு கும்பிடு போட்டுக்கங்க மாஸ்டர்."

எனக்குக் காது வரைக்கும் சுட்டது. எப்போது தெரியும் என்று கேட்டேன்.

"ஆறு வருசமா இந்தத் தகட்டப் பாத்துக்கிட்டுத்தான வேலைக்கு வாறேன். எல்லாப் பெட்டியிலயும் இருக்குங்களே."

பிறகு ஏன் எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னீர்கள், ஏன் இரண்டு வருஷமாகக் கடிதம் எழுதி என் உயிரை வாங்கினீர்கள் என்று கேட்டேன். அவர் கைலேஞ்சியை மடித்துக் கோட்டுப் பையில் வைத்தார். பேசியபோது சிரிக்கவில்லை.

"கோர்ஸுக்கு நான் போக ஏலாது. நீங்க போக மாட்டேங்கிறீங்க. நம்ம பிள்ளைங்களுக்காக யாராவது ஒருத்தர் படிச்சாகணும்லங்க?"

நான் விரலை மறுபடி தூக்கிப் பிடித்தேன். அவர் இரண்டாம் நாளின் மீதியை முடித்து மூன்றாம் நாளைத் தொடங்கினார். அந்த ஐந்து நாளையும் எனக்கு ஒரு சொல் விடாமல் கொடுத்தார். அட்டன் வந்தபோது என் கை முழங்காலுக்குக் கீழே போயிருந்தது. எத்தனை றாத்தல் என்று கேட்டார். கூடைக்கும் நான் கழிக்கவில்லை. தண்ணிக்கும் கழிக்கவில்லை.